தந்தையின் இடத்தில் வந்தவர்



ஜுசெப்பே தொர்னதோரேயின் ‘சினிமா பாரடைசோ’ 1988இல் வந்த இத்தாலியப் படம். சிசிலிச் சிற்றூர்ச் சிறுவன் தோத்தோ போரில் தந்தையை இழந்தவன். ஊர்த் திரையரங்கில் படம் ஓட்டும் ஆல்ஃபிரெடோ அவ்வெற்றிடத்தை நிரப்புகிறார். வளர்ந்தவனை, ஊருக்குத் திரும்பாதே என்று அனுப்புபவரும் அவரே. முப்பதாண்டுகள் அவன் வரவில்லை. புகழ்மிக்க இயக்குநராகிறான், எந்தப் பெண்ணிடத்தும் மனம் நிலைக்கவில்லை.

உலகெங்கும் ஓடிய சுருக்கப் பதிப்பில் இல்லாத செய்தியொன்று 2002இல் வந்த நீண்ட பதிப்பில் உண்டு. காதலி எலெனாவை அவனிடமிருந்து விலகச் செய்தவர் ஆல்ஃபிரெடோதான்! முதற்புண்ணை ஆற்றிய கையே இரண்டாவதை உண்டாக்கியது. அவர் விட்டுச்சென்றதோ, பாதிரியார் வெட்டச் சொன்ன முத்தக் காட்சிகளை ஒட்டிய சுருள். தனித்த அரங்கில் அதைக் கண்டு கண்ணீரோடு சிரிக்கிறான் அவன். அது மன்னிப்பென்று சொல்ல எனக்கு இன்றும் துணிவில்லை.