ஹோப் காலேஜும் நம் பிள்ளைகளின் தொழிற் படிப்பும்

(கோவையில் பஞ்சாலைத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அவினாசி ரோட்டில் பஸ்ஸில் போனால், பீளமேட்டைத் தாண்டியதும் கண்டக்டர் "ஹோப் காலேஜ்" என்று குரல் கொடுக்கிறார். இறங்கிப் பாருங்கள், அந்தப் பெயரில் அங்கே எந்தக் காலேஜும் இல்லை. 1945ல் ஜி.டி.நாயுடு தொடங்கிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி அங்கே இருந்தது. பின்னர் அது தடாகம் ரோட்டிற்குப் போய்விட்டது. இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்று பெயர். பஸ் நிற்கும் இடத்தில் மட்டும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

யார் இந்த ஆர்தர் ஹோப்? 1940 முதல் 1946 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட வெள்ளைக்கார கவர்னர். அவருடைய ஆட்சியில்தான், 1946 ஜனவரி 8ந் தேதி, ரங்கவிலாஸ் மில் தொழிலாளத் தோழர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் கோவை ஜெயிலில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தத் தியாகிகளின் சின்னியம்பாளையமும் இதே ரோட்டில்தான் இருக்கிறது. நாமோ டிக்கெட் வாங்கும்போதெல்லாம் கவர்னர் பெயரைச் சொல்கிறோம்! போகட்டும், நான் பேச வந்தது படிப்பைப் பற்றி.

கோவையில் தொழிற் படிப்பு எப்படி வந்தது? பைக்காரா மின்சாரம் 1930களில் வந்ததும் மில்கள் பெருகின. கவலை ஓட்டிய கிணறுகளில் பம்பு செட்டுகள் ஏறின. இயந்திரம் வந்தால் அதைப் பழுது பார்க்கப் பிட்டர் வேண்டும், டர்னர் வேண்டும். பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பத்தார் 1926லேயே தொழிற்கூடம் வைத்திருந்தார்கள். 1939ல் பாலிடெக்னிக், 1951ல் என்ஜினீயரிங் காலேஜ் என்று அது வளர்ந்தது. தர்மத்துக்கென்று சொத்தில் பங்கு ஒதுக்கினார்கள், நல்ல காரியந்தான். அந்தச் சொத்துக்குப் பஞ்சு பறித்தவர்களும் நூல் நூற்றவர்களும் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா?

நாயுடுவின் கதை வேறு. சூலூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் பிடிக்காமல் வெளியே வந்தவர். ஓட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, கழற்றி மாட்டித் தானே தொழில் கற்றார். அப்படிப்பட்டவர் காலேஜ் வைத்ததும் என்ன சொன்னார்? நாலு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷத்தில் கற்றுக் கொடுத்துவிடலாம் என்றார். வெள்ளை சர்க்கார் ஒப்பவில்லை. அவர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார்.

நாயுடு முதலாளி. தேர்ந்த கைகள் சீக்கிரம் கிடைத்தால் அவருக்கும் லாபந்தான். ஏட்டுப் படிப்பே வேண்டாம் என்றால் நம் பிள்ளை கடைசிவரை மேஸ்திரி சொன்னதைத்தான் செய்ய வேண்டியிருக்கும். அதையும் நான் ஏற்கமாட்டேன். ஆனாலும் கூலிக்காரன் வீட்டில் இரண்டு வருஷம் என்பது சாதாரண விஷயமா? காடு கழனிக்குப் போகிற குடும்பம், வயது வந்த மகனுக்கு எத்தனை நாள் உட்கார வைத்துச் சோறு போடும்?

இப்பொழுது நமது மில்களைப் பாருங்கள். நாலு வருஷ என்ஜினீயரிங்கை இரண்டு வருஷத்தில் முடிக்கலாம் என்று ஒருவர் சொன்ன இதே கோவை வட்டாரத்தில், அறுந்த இழையை ஒட்டக் கற்றுக்கொள்ள மூன்று வருஷம் என்றார்கள்! 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் வைத்து, மூன்று வருஷம் முடிந்தால் மொத்தத் தொகை என்று ஆசை காட்டி, ஏழைப் பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கினார்கள். தாளில் அவர்கள் 'பயிற்சியாளர்'. ஸ்பின்னிங்கில் இழை ஒட்டப் பழக எத்தனை நாள் ஆகும்? உங்களுக்குத் தெரியும்; என்னைக் கேட்க வேண்டியதில்லை.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. 1961ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின் 18வது பிரிவு, அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்ல என்று சொல்லிவிட்டது. அவருக்குக் கிடைப்பது உதவித்தொகை, சம்பளம் அல்ல. உண்மையில் தொழில் கற்றுக்கொடுத்தால் அதில் நியாயம் உண்டு. கற்றுக்கொடுக்காமல் ஷிப்டு மட்டும் பார்க்க வைத்தால்?

ஆகவே, மகனையோ மகளையோ பயிற்சிக்கென்று அழைத்தால் கேளுங்கள்: எந்தத் தொழில்? எத்தனை மாதம்? யார் கற்றுக்கொடுப்பார்? ஒப்பந்தம் முறைப்படி பதிவாகிறதா? முடிவில் பரீட்சையும் சர்க்கார் சர்ட்டிபிகேட்டும் உண்டா? பதில் வாயால் மட்டும் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். தாளை வாங்கிக்கொண்டு சங்க ஆபீசுக்கு வாருங்கள். உட்கார்ந்து படித்துப் பார்ப்போம்.