முகத்தைப் பார்த்தால் கொலைகாரன் தெரியுமா?



இன்று நாம் ஒரு சினிமாவைப் பற்றிப் பேச எழுந்தது உங்களில் சிலருக்கு ஆச்சரியமாயிருக்கலாம். நாம் சொல்ல வந்தது பாட்டையும் ஆட்டத்தையும் பற்றியல்ல. தென் கொரியாவில் போங் ஜூன் ஹோ என்பவர் 2003-ல் எடுத்த ‘மெமரீஸ் ஆப் மர்டர்’, அதாவது ‘கொலையின் நினைவுகள்’ என்னும் படத்தைப் பற்றியேயாகும்.

சியோல் நகருக்குத் தெற்கே ஹ்வாசாங் என்னும் நாட்டுப்புறத்தில் 1986 முதல் 1991 வரை 10 பெண்கள் கொல்லப்பட்டார்கள். அதை வைத்து எழுந்ததே இப்படம்.

படத்தில் உள்ளூர்த் துப்பறிவாளர் ஒருவர், ஆளின் கண்ணைப் பார்த்தே குற்றவாளியைக் கண்டுகொள்வதாகப் பெருமையடித்துக் கொள்ளுகிறார். கண் தோற்றவுடன் கை வேலை செய்கிறது. புத்தி மந்தமான ஒரு பையனை அடித்து ஒப்புக்கொள்ளச் செய்கிறார்கள். பொய்க் காலடியும் பதிக்கிறார்கள். அதுவும் பலியாமல் குறிகாரியிடம் போய் மந்திரித்த காகிதம் வாங்கி வருகிறார்கள்!

தலைநகரிலிருந்து வந்த மற்றொருவரோ ஆதாரத்தையே நம்புகிறவர். ஆனால் வெறி முற்றிய பிறகு, அமெரிக்காவிலிருந்து வந்த சோதனைத் தாள் தம் எண்ணத்துக்கு மாறாயிருக்கக் கண்டு, தாளே பொய் என்று துப்பாக்கியைத் தூக்குகிறார். தோழர்களே, பகுத்தறிவை விட்டுவிடக் கோயிலுக்குத்தான் போக வேண்டுமென்பதில்லை, ஆத்திரமே போதும்!

உண்மையில் நடந்தது என்ன? 2019-ல், சேமித்து வைத்திருந்த தடயங்களை டி.என்.ஏ. சோதனை செய்ததில் ஆள் அகப்பட்டான். மைத்துனியைக் கொன்றதற்காக 1994 முதலே ஜெயிலில் இருந்தவன் அவன்! போலீசார் அக்காலத்திலேயே அவனை விசாரித்து, இரத்த வகை ஒத்துவரவில்லையென்று விட்டுவிட்டிருந்தார்கள். இந்தப் பழைய கொலைகளுக்கு வழக்குத் தொடரும் காலக்கெடு 2006-லேயே தீர்ந்துவிட்டபடியால், இவற்றுக்காக அவனைத் தண்டிக்கவும் முடியவில்லை.

ஆனால் நம் நெஞ்சைச் சுடுவது வேறொன்று. 1988-ல் 13 வயதுச் சிறுமி கொலையுண்டாள். மறு வருஷம், இளம்பிள்ளை வாதத்தால் கால் ஊனமுற்ற 22 வயது ஏழை வாலிபனைப் பிடித்து, தூங்கவிடாமல் வதைத்து, ஒப்புதல் வாங்கினார்கள். மயிர்ச் சோதனை என்று ஒரு ‘விஞ்ஞான’ அறிக்கையும் சேர்ந்துகொண்டது. ஆயுள் தண்டனை! ஏறக்குறைய 20 வருஷம் ஜெயிலில் கிடந்து 2009-ல் வெளிவந்தான். 2020-ல்தான் நீதிமன்றம் அவனை நிரபராதியென்றது. போன வாலிபத்தை யார் திருப்பிக் கொடுப்பார்?

குறிகாரியின் காகிதத்தை நாம் சிரித்துத் தள்ளுகிறோம், சரி. ஆனால் முத்திரை குத்திய காகிதத்தையும் சோதித்துப் பார்த்த பின்பல்லவா நம்ப வேண்டும்? விஞ்ஞானம் என்று பேர் வைத்ததாலேயே ஒன்று விஞ்ஞானமாகிவிடாது. தப்பிருந்தால் ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்வதே அதன் பெருமை.

படத்தின் முடிவில், கொலைகாரன் எப்படியிருந்தான் என்று கேட்டதற்கு, சாதாரண முகமென்கிறாள் ஒரு சிறுமி. அவ்வளவுதான் விஷயம். முகத்தில் எதுவும் எழுதியிருப்பதில்லை. ஆகவே தோழர்களே, ஊரார் ஒருவனைக் காட்டி “இவன்தான்” என்று கூச்சலிடும்போது, “ருசு எங்கே?” என்று கேட்கும் ஒருவராவது நம்மில் இருக்க வேண்டுமென்று சொல்லி இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.