அரை மில்லிகிராம் கார்பனின் வயது



ஒரு லிட்டர் கடல்நீரில் உப்பு சுமார் 35 கிராம். ஆழ்கடல் நீரில் கரைந்துள்ள கரிமக் கார்பனோ ஏறத்தாழ அரை மில்லிகிராம்தான். அதன் வயதை எப்படி அளக்கிறார்கள்?

முதலில் அமிலம் சேர்ப்பார்கள். சுண்ணாம்புக்கல்லில் அமிலம் பட்டால் நுரைக்குமே, அதே வினைதான். கரிமக் கார்பனைப்போல் சுமார் 50 மடங்கு உள்ள கனிமக் கார்பன், கார்பன் டை ஆக்சைடாக மாறும். மந்த வாயுவைச் செலுத்தி அதை வெளியேற்றுவார்கள். பிறகு புற ஊதா ஒளி பாய்ச்சினால் கரிமப் பொருள் சிதைந்து, புதிதாகக் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். அதைத் திரவ நைட்ரஜனால் உறையவைத்துப் பிடித்து, கிராஃபைட்டாக்கி, முடுக்கி நிறை நிறமாலைமானியில் கார்பன்-14 அணுக்களை எண்ணுவார்கள். பசிபிக் ஆழ்நீரில் அந்த வயது சுமார் 6,000 ஆண்டுகள் என 1987இல் பீட்டர் வில்லியம்ஸும் எல்லன் டிரஃபெலும் வெளியிட்டார்கள்.

கைபட்ட அழுக்கு சிறிது கலந்தாலும் அந்த வயது பொய்யாகிவிடும். ஆகவே தூய நீரை வைத்தும் முழுச் செய்முறையையும் செய்து, வெளியிலிருந்து சேரும் கார்பனைக் கண்டு கழிப்பார்கள்.

நம் வகுப்பிலும் ஸ்டார்ச் சோதனையின்போது வெறும் நீரிலும் அயோடின் விட்டுக் காட்டுங்கள். நேரமில்லை என்று நாம் விட்டுவிடும் அந்த வெற்றுச் சோதனைதான், விடையை நம்பலாமா என்று மாணவரைக் கேட்கவைக்கிறது.