கூடும் அவையின் திறவுகோல் எவர் கையில்?



மன்றம், பொதியில், அம்பலம், அவை என்று கூடுமிடத்திற்குப் பல பெயர் வைத்த மொழி தமிழ். பெயர் பலவாயினும் அவற்றின் பண்பு ஒன்றே. கூடுமிடம் கூடுவோர்க்கே உரியது. ஊர்ப்பொதுவில் நின்ற ஆலமரத்தடிக்குப் பூட்டும் இல்லை. அதற்குத் திறவுகோல் வைத்திருந்தவரும் இல்லை.

2020ஆம் ஆண்டில் கொரோனாக் கொள்ளைநோய் பரவியபோது உலகெங்கும் அவைக் கூடங்கள் அடைக்கப்பட்டன. கூட்டங்கள் கணினித் திரைக்கு ஏறின. நோய் தணிந்த பின்னரும் திரைக்கூட்டம் தணியவில்லை. யாப்பு வகுப்பும், குறள் வகுப்பும், சொல்லாய்வு அரங்கும் இன்று அங்கே நடைபெறுகின்றன. தூத்துக்குடியில் இருப்பவரும், சிங்கப்பூரில் இருப்பவரும், தொரண்டோவில் இருப்பவரும் ஒரே அவையில் அமர்கின்றனர். இது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு வினா எழுகின்றது. அவ்வவையின் திறவுகோல் எவர் கையில் இருக்கின்றது?

இவ்வினாவை வீண் அச்சமென்று தள்ளுவோர் மூன்று நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்ப்பாராக.

1989ஆம் ஆண்டில் பீகிங்கின் தியானன்மென் திடலில் நிகழ்ந்த ஒடுக்குமுறையை நினைவுகூர, அமெரிக்காவிலும் ஆங்காங்கிலும் இருந்த சிலர் 2020ஆம் ஆண்டில் சூம் வழியே கூட்டங்கள் கூட்டினர். சீன அரசின் கேட்புக்கு இணங்கி அவர்தம் கணக்குகளைச் சூம் நிறுவனம் முடக்கியது. செய்தி வெளிப்பட்டு எதிர்ப்பு எழுந்த பின்னரே அவற்றை மீட்டளித்தது. அமெரிக்க மண்ணில் அமர்ந்து பேசியவர்க்கும் வாய்ப்பூட்டு விழுந்தது என்பதை மறத்தலாகாது. இது முதலாவது.

மைக்குரோசாபுட்டு நிறுவனம் டீம்சு என்னும் தன் கூட்டச் செயலியை இலினக்சுக் கணினிகளுக்கும் வழங்கி வந்தது. 2022 திசம்பரில் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இலினக்சுப் பயனர் உலாவி வழியே வருக என்றது. இது இரண்டாவது.

2003இல் தோன்றிக் கடல்கடந்த குடும்பங்களையெல்லாம் பேசவைத்த இசுகைப்பு, 2025 மே 5ஆம் நாள் மூடப்பட்டது. இது மூன்றாவது.

இம்மூன்றிலும் முடிவெடுத்தவர் வேறு. முடிவுக்கு ஆட்பட்டவர் வேறு. நிறுவனத்தார் எல்லாரும் பகைவர் என்பது இதன் பொருளன்று. குடிக்கூலி வீட்டில் இருப்பவன் வீட்டுக்காரனை வெறுக்க வேண்டுவதில்லை. ஆனால், அது தன் வீடன்று என்பதை மட்டும் அவன் மறத்தல் கூடாது.

தன் வீடு கட்டுவதற்கு வழி உண்டா? உண்டு. 1983இல் அமெரிக்கரான இரிச்சர்டு சுடால்மன் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எப்பணிக்கும் இயக்குதல், அதன் நிரலைக் கற்றல், திருத்துதல், பிறர்க்குப் பகிர்தல் என்னும் நான்கு உரிமைகளும் பயனர்க்கு உண்டென்பது அவ்வியக்கத்தின் கொள்கை. 1991இல் பின்லாந்தின் எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணாக்கராயிருந்த இலினசு தோர்வால்டு இலினக்சு என்னும் இயங்குதளக் கருவைத் தொடங்கினார். இவ்விரண்டும் இணைந்து வளர்ந்தனவே டெபியன், உபுண்டு முதலான இற்றை இயங்குதளங்கள். இத்தளங்களில் இயங்கும் கூட்டக் கருவிகளுள்ளும் திறந்த நிரலுடையவை உண்டு. தேர்ந்தெடுப்போர் மூன்று வினாக்களை முன்வைத்துத் தேர்க.

முதல் வினா: கருவியைத் தாங்கி நடத்தும் தொலைக்கணினியைக் கூடுவோரே நிறுவிக்கொள்ள இயலுமா? அத்தொலைக்கணினியை வழங்கி என்க. பேச்சும் படமும் மறைக்கப்பட்டே செல்கின்றன என்று எல்லாரும் சொல்வர். ஆனால், பலர் கூடும் கூட்டங்களில் பொதுவாக அம்மறைப்பு வழங்கியில் அவிழ்க்கப்பட்டு, மீண்டும் கட்டப்பட்டே பிறர்க்குப் போகின்றது. முனைக்குமுனை மறைப்பு என்னும் தனியேற்பாட்டை இயக்கினாலன்றி இந்நிலை மாறாது. ஆகலின், வழங்கி எவருடையதோ அவரே அவையின் திறவுகோலை உடையவர்.

இரண்டாம் வினா: எளியவர் நுழைய இயலுமா? பழங்கணினி உடைய ஆசிரியரும், கைப்பேசி ஒன்றே உடைய மாணாக்கரும், எதனையும் நிறுவாமல், உலாவியில் முகவரியைத் தொட்ட அளவில் உள்ளே வருதல் வேண்டும்.

மூன்றாம் வினா: பொத்தானிலும் அறிவிப்பிலும் தமிழ் ஏற இடமுண்டா?

இவ்வினாக்களுக்கு விடை தரும் கருவிகளுள் சிட்சி ஒன்று. 2003இல் பிரான்சு நாட்டின் சுட்ராசுபர்க்குப் பல்கலைக்கழகத்தில் எமில் இவோவ் என்னும் மாணாக்கர் தொடங்கிய பணி அது. சிட்சி என்பது பல்கேரிய மொழியில் கம்பிகள் எனப் பொருள்படும் சொல். தம் தாய்மொழிச் சொல்லை உலகெங்கும் ஒலிக்கச் செய்தார் அம்மாணாக்கர். இன்று எயிட் பை எயிட்டு என்னும் நிறுவனம் அதனைப் பேணுகின்றது. அந்நிறுவனத்தின் பொது வழங்கியில் கூட்டம் தொடங்குவோர் கூகுள், முகநூல், கிட்அப்பு ஆகியவற்றுள் ஒன்றன் கணக்கைக் காட்டவேண்டும் என 2023 ஆகசுட்டில் நெறி வகுக்கப்பட்டது. திறந்த நிரலாயினும் பிறர் வழங்கியில் இருக்கும் வரை பிறர் நெறியே நெறி என்பதற்கு இதுவே சான்று. ஆனால், நிரல் திறந்திருப்பதால் அதனை எடுத்துத் தம் வழங்கியில் நிறுவிக்கொள்ள எவர் இசைவும் வேண்டுவதில்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கின்றது.

மற்றொன்று பிக் புளூ பட்டன். 2007இல் கனடாவின் ஒட்டாவா நகரிலுள்ள கார்ல்டன் பல்கலைக்கழகத்தில், வகுப்பு நடத்துவதற்கென்றே உருவானது. கரும்பலகை, பொதுக் குறிப்பேடு, வாக்கெடுப்பு, சிறுகுழுக்களாகப் பிரித்தல் எல்லாம் அதில் உண்டு. ஆயினும் அஃது ஊண்மிகுந்த யானை. 16 கிகாபைட்டு நினைவகமும் 8 உள்ளகக் கருக்களும் உடைய தனி வழங்கியை அதன் ஆக்கியோர் வேண்டுகின்றனர். திங்கள்தோறும் ஒருமுறை கூடும் சிறுமன்றத்திற்குச் சிட்சி போதும்; நாள்தோறும் பாடம் நடத்தும் பள்ளிக்கே பிக் புளூ பட்டன் பொருந்தும்.

தம் அவையைத் தாமே கட்டியவர் எவரேனும் உண்டா என்று கேட்கலாம். டெபியன் தொண்டர்கள் ஆண்டுதோறும் கூட்டும் மாநாடு 2020இல் இசுரேலின் ஐபா நகரில் நடைபெற இருந்தது. கொள்ளைநோயால் அது முழுதும் இணையத்திற்கு மாறியது. தொண்டர்கள் சிட்சியையும் பிற திறந்த மென்பொருள்களையும் இணைத்து, இல்லாதவற்றைத் தாமே எழுதி, ஒளிபரப்பு அமைப்பு முழுவதையும் கட்டற்ற மென்பொருளாலேயே கட்டினர். 80 நாடுகளிலிருந்து 850க்கு மேற்பட்டோர் கலந்துகொண்டனர். ஆங்கிலமல்லாத மொழிகளுக்கு அம்மாநாட்டில் இரண்டு அரங்குகள் அமைந்தன. ஒன்று இசுபானியம்: இரண்டு நாளில் எட்டு உரைகள். மற்றொன்று மலையாளம்: மூன்று நாளில் ஒன்பது உரைகள்.

தமிழ்ப் பெருமக்களே! மேற்கு மலைக்கு அப்பாலுள்ள உடன்பிறப்பு மொழி உலக மாநாட்டில் மூன்று நாள் அரங்கேறியது. எவரும் இரங்கி அளித்த இடமன்று அது. மலையாள இளைஞர் கருவியைக் கற்றனர், தொண்டில் பங்கேற்றனர், தம் மொழியில் பேச முன்வந்தனர். தமிழிளைஞர்க்கு அவ்வாற்றல் இல்லையென்று எவரும் சொல்லார். முன்வருதல் ஒன்றே வேண்டும்.

முன்வருவோர் செய்யவேண்டுவன யாவை? சிட்சி வழங்கிக்கு டெபியனோ உபுண்டுவோ நிறுவிய கணினி ஒன்றும், அதற்குத் தனி இணையப் பெயர் ஒன்றும் வேண்டும். மறைப்புச் சான்றிதழை இலெட்சு என்கிரிப்ட்டு என்னும் அமைப்பு விலையின்றி வழங்குகின்றது. வழங்கியின் காப்புச் சுவரில் சில வாயில்களைத் திறத்தல் வேண்டும். 80, 443 என்னும் வாயில்கள் டிசிபி முறையிலும், 10000 என்னும் வாயில் யுடிபி முறையிலும் திறந்திருத்தல் இன்றியமையாதது. 10000ஆம் வாயில் அடைபட்டிருப்பின் வியப்பான தொல்லை ஒன்று நேரும். இருவர் பேசும்போது எல்லாம் செம்மையாக இருக்கும். மூன்றாமவர் நுழைந்தவுடன் அனைவர் முகமும் குரலும் மறையும். இருவர் மட்டும் இருக்கையில் இரு கணினிகளும் நேரே பேசிக்கொள்வதும், மூவரானவுடன் வழங்கி வழியே பேசுவதுமே இதன் கரணியம். இதனை அறியாது கருவியையே பழித்துக் கைவிட்டோர் பலர். மேலும், கடவுச்சொல் உடையவரே கூட்டம் தொடங்கலாம் என்னும் ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே செய்துவிடுக. இன்றேல் வழிப்போக்கரெல்லாம் மன்றத்தைத் தம் கூடமாக்கிக் கொள்வர்.

கூட்டத்திற்கு வருவோர் தத்தம் இலினக்சுக் கணினியில் செய்யவேண்டுவன சிலவே. பயர்பாக்சு, குரோமியம் ஆகிய உலாவிகளுள் ஒன்று போதும். ஒலிபெருக்கியைத் தவிர்த்துக் காதில் அணியும் கேட்பொறியைக் கொள்க, எதிரொலி அடங்கும். பேச்சு கேட்கவில்லையெனின் ஒலியமைப்பில் எந்த ஒலிவாங்கி தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது என்று பார்க்க; பெரும்பாலும் கணினி வேறொன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். திரையைப் பகிரும்போது பிறர்க்குக் கருமையே தெரியின், வேலேண்டு என்னும் திரையமைப்பு இசைவு தரவில்லை என்று உணர்க. பைப்வயர் என்பதும், தம் திரைமுகப்புக்குரிய இசைவு வாயில் மென்பொருளும் நிறுவப்பட்டிருப்பின் சிக்கல் தீரும். இணைப்பு மெலிந்த ஊரில் இருப்பவர் படத்தை நிறுத்திக் குரலை மட்டும் விடுக. இவற்றையெல்லாம் கூட்டத்திற்கு முதல்நாளே செய்து பார்த்து அணியமாதல் வேண்டும்.

தமிழ் எழுத்துக்கும் ஏற்பாடு வேண்டும். 1999இல் தமிழ்நாட்டரசு செந்தரமாக்கிய தமிழ்99 விசைப்பலகை இலினக்சில் உண்டு. ஐபசு என்னும் உள்ளீட்டுக் கருவி வழியே அதனைச் சேர்த்துக்கொள்ளலாம். உரைக்குரிய காட்சித்தாள்களைப் பிடிஎப் வடிவாக மாற்றிய பின்னரே வழங்கியில் ஏற்றுக. இன்றேல் வழங்கியில் தமிழ் எழுத்துரு இல்லாவிடத்துக் கொம்பும் காலும் இடம்மாறித் தமிழ் சிதைந்து தோன்றும்.

இறுதியாக ஒன்று. கலைச்சொல் படைப்பதில் தமிழர் எவர்க்கும் பின்தங்கியவரல்லர். ஆனால், படைத்த சொல் எங்கே வாழ்கின்றது? 1955இல் ஐபிஎம் நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை கேட்க, பேராசிரியர் சாக்கு பெரே ஓர்தினாத்தர் என்னும் சொல்லைக் கணினிக்குப் பெயராகத் தந்தார். நிறுவனம் தான் விற்ற பொறிக்கே அப்பெயரைச் சூட்டிற்று. அப்பெயரே பிரெஞ்சு மக்கள் நாவில் நிலைத்தது. பொறியில் ஏறிய சொல் நாவில் ஏறும்; ஏட்டில் மட்டும் கிடக்கும் சொல் ஏட்டோடு கிடக்கும். ஒலியடக்கு, கையுயர்த்து, திரை பகிர், அவையினின்று நீங்கு என்னும் சொற்கள் பொத்தானில் இருப்பின், அவற்றைத் தொடும் சிறுவனுக்கு வேறு பாடம் வேண்டுவதில்லை. சிட்சியின் சொற்றொகுதி எளிய எழுத்துக் கோப்பு. நிரலெழுதத் தெரியாத தமிழாசிரியரும் அதனைத் தமிழாக்கலாம், திருத்தலாம், ஆக்கியோர்க்கு அனுப்பலாம். பூட்டிய மென்பொருளில் இவ்வுரிமை இல்லை. அங்கே தமிழ் நுழைவது உடையவன் மனம் வைத்தால்தான்.

கட்டற்ற மென்பொருள் விலையற்றதாகலாம், உழைப்பற்றதாகாது. வழங்கிக்குத் திங்கள்தோறும் கூலி உண்டு. அதனைப் பேண ஓரிளைஞரின் நேரம் வேண்டும். தனியொரு மன்றத்திற்கு அது சுமை. ஐந்து மன்றங்கள் கூடின் ஒரு வழங்கியும், அதனைக் காக்க இரண்டு இளைஞரும், தமிழாக்க ஓர் ஆசிரியரும் அமைதல் அரிதன்று. அவ்வைந்து மன்றத்தாரும் இன்று இவ்வவையிலேயே இருத்தல் கூடும். கலைந்து செல்லுமுன் அவர்கள் ஒருவரையொருவர் கண்டு பேசுவாராக. அடுத்த திங்கட் கூட்டம் தம் சொந்த மன்றத்தில், தம் மொழிப் பொத்தானைத் தொட்டுத் தொடங்குவாராக.

வாழ்க தமிழ்! வளர்க தமிழர் கூட்டுறவு!