இரைச்சலுக்கிடையே செவிகொடுத்தல்



அல்லாஹுத் தஆலா ஈந்த அருட்கொடைகளைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கும் பல இடங்களில் பார்வைக்கு முன்னதாகவே செவி இடம்பெறுகிறது. அதன் நுட்பத்தை நம் குளச்சல் கடற்கரையிலேயே காணலாம். அலையோசை, படகு இயந்திரங்களின் இரைச்சல், பலர் ஒரே வேளையில் பேசும் ஆரவாரம் ஆகியவற்றின் நடுவே, மீன் ஏலம் கூறுபவரின் குரலை மட்டும் வியாபாரி பிரித்தெடுத்து விலை கேட்கிறார்.

இது எவ்வாறு இயலுகிறது? வலப்புறத்து ஓசை வலச்செவியை முதலில் அடைகிறது. இடச்செவியை எட்ட, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே கூடுதலாகும். அந்த வேறுபாட்டைக் கொண்டே மூளை திசையை அறிகிறது. கீச்சொலிகளைத் தலை மறைப்பதால் அவை மறுசெவியில் மங்கி ஒலிக்கின்றன. அதுவும் ஓர் அடையாளம். இவ்விரு வழிகளையும் ரேலி பிரபு என்னும் ஆங்கிலேய அறிஞர் 1907இல் விளக்கினார். ஒரு காதைப் பொத்திக்கொண்டு சந்தையில் நின்று பாருங்கள். இரண்டு செவிகளின் அருமை விளங்கும்.

செவியோடு கவனமும் வேண்டும். 1953இல் காலின் செர்ரி என்பவர், இரு செவிகளிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கச் செய்து, ஒன்றை மட்டும் திருப்பிச் சொல்லும்படி சிலரைப் பணித்தார். மறுசெவியில் ஆங்கிலம் ஜெர்மன் மொழியாக மாறியதைக்கூட அவர்கள் உணரவில்லை! குத்பாவின்போது அருகிலிருப்பவரை ‘பேசாதீர்’ என்று தடுப்பதும் வீண் செயலே என நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியதை இங்கே எண்ணிப்பாருங்கள். மின்விசிறியின் ஓசையை மனம் விரைவில் ஒதுக்கிவிடும். அருகில் கிசுகிசுக்கும் சொற்களோ பொருளுள்ளவை. அவை கவனத்தில் பங்கு கேட்கும்.

நம் வீட்டுப் பெரியவர்கள், “சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை” என்கிறார்கள். “வேண்டியது மட்டும் காதில் விழும்” என்று பிள்ளைகள் கேலி செய்வதையும் கேட்கிறோம். அது பாசாங்கன்று. முதுமையில் முதலில் குறைவது கீச்சொலிகளைக் கேட்கும் ஆற்றலே. ஸீன், ஃபா போன்ற எழுத்துகளின் ஒலி அதில்தான் அடங்கியிருக்கிறது. பல்லாண்டுகள் படகு இயந்திரத்தின் அருகே உழைத்தவர்களுக்கு இக்குறை முன்னதாகவே வரக்கூடும். கூச்சலிடுவதால் சொல் தெளிவாவதில்லை. தொலைக்காட்சியை நிறுத்துங்கள், முகத்துக்கு நேரே அமர்ந்து நிதானமாகப் பேசுங்கள், உதட்டசைவும் அவர்களுக்குத் துணை. பெற்றோரிடம் சலிப்பின் ஒரு சிறு சொல்லையும் தடுத்த மார்க்கம் நம்முடையது.

பள்ளிவாசலில், ‘ஒலிபெருக்கியைக் கூட்டுங்கள்’ என்பதே பலருடைய யோசனை. கூட்டினால் சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியும் சேர்ந்தே கூடுகிறது. மேலும், எந்த ஓசை முதலில் எட்டுகிறதோ அத்திசையிலிருந்தே குரல் வருவதாக மூளை கொள்ளும். ஆகவே தூணோரம் இருப்பவர் மிம்பரைப் பார்த்தபடியே தூணின் குரலைக் கேட்கிறார்! முகம் ஒருபுறம், குரல் மறுபுறம். செவி மங்கியவர் என்ன செய்வார்?

முன் ஸஃப்பில், மிம்பர் தெரியும் இடத்தை இளைஞர்கள் அவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். தாமதமாக வந்து பிறர் தோள்களைத் தாண்டி முன்னே செல்வது தடுக்கப்பட்டிருப்பதால், பெரியவர்களைப் பாங்குக்கு முன்னரே கைப்பிடித்து அழைத்து வாருங்கள்.