கூண்டுக் கிளியும் குளிர்காலமும்

லண்டன் பூங்காக்களில் பச்சைக் கிளிகள் பனிக்காலத்திலும் பறந்து திரிகின்றன. அதைப் பார்த்துவிட்டு, வீட்டுக் கதகதப்பில் வளர்ந்த கிளியை டிசம்பரில் திடீரென வெளிக்கூண்டில் விடலாமா? கூடாது. உயிருக்கே ஆபத்து.

கோடையிலேயே வெளியில் பழக்கினால்தான் அதன் உடல் குளிருக்குத் தயாராகும். குளிரைவிடப் பொல்லாதவை காற்றும் ஈரமும். நனைந்த இறகு உடல் சூட்டைக் காக்காது. ஆகவே கூண்டுக்குள் காற்றுப் புகாத, காய்ந்த மரப்பெட்டி ஒன்று தேவை. உட்காரும் இடத்தில் இரும்புக் கம்பி வேண்டாம். அகலமான மரக்கட்டை வைத்தால் வயிற்று இறகு விரல்களை மூடிக்கொள்ளும். குடிநீர் உறைந்துவிட்டதா என்று காலையும் மாலையும் பாருங்கள். கிளி இறகை உப்பிக்கொண்டு தரையில் சோர்ந்து கிடந்தால், உடனே வீட்டுக்குள் கொண்டுவந்து கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

காட்டுக் கிளி பொந்தைத் தானே தேடிக்கொள்ளும். கூண்டுக் கிளிக்கு அந்த வழியை நாம் அடைத்துவிட்டோம். அதற்கு ஒதுங்க இடம் தருவது நம் கடமை.