நினைவு இருக்கும், நடுக்கம் குறையும்

போன வாரம் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "கண்ணை இப்படியும் அப்படியும் அசைச்சா மனக்காயம் ஆறிடுமா? நம்புற மாதிரி இல்லையே?" நானும் அப்படித்தாங்க நினைச்சேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி என் பைக்கை ஒரு லாரி பின்னாலிருந்து இடித்தது. கால் ஆறு மாதத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகும் முதுகுக்குப் பின்னால் ஹாரன் கேட்டால் கை நடுங்கும், சட்டை வியர்வையில் நனைந்துவிடும். "அப்பா, பைக்ல ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று மகள் கேட்கும்போதெல்லாம் ஏதாவது சாக்கு சொல்வேன். ஒரு கட்டத்தில் அவள் கேட்பதையே நிறுத்திட்டா. அதுதான் என்னை உளவியலாளரிடம் போக வைத்தது.

இந்தச் சிகிச்சையின் பெயர் ஈ.எம்.டி.ஆர். 1987-இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோ பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, கண்கள் அங்குமிங்கும் அசைகையில் தன்னை உறுத்திய எண்ணங்களின் வேகம் குறைவதைக் கவனித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இது. அதிர்ச்சிக்குப் பிறகு வரும் பி.டி.எஸ்.டி. பாதிப்புக்கு உலக சுகாதார நிறுவனம் 2013-இல் இதைப் பரிந்துரைத்தது.

மொத்தம் எட்டுக் கட்டங்கள். முதல் நாளே விரலை ஆட்ட மாட்டாங்க. முதலில் நம் கதையைக் கேட்பாங்க, பதற்றம் வந்தால் நம்மை நாமே நிதானப்படுத்தப் பழக்குவாங்க. பிறகுதான் அந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டே, அவர் விரலைக் கண்ணால் பின்தொடரணும். மனசு ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்வதால் காட்சியின் கூர்மை மங்குகிறது என்பது ஒரு விளக்கம். கண் அசைவுதான் முக்கியக் காரணமா என்று ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் இருக்கு.

"0 முதல் 10 வரை, எவ்வளவு தொந்தரவா இருக்கு?" என்று கேட்டார். 9 என்றேன். "நான் செத்துடுவேன்" என்பதுதான் அந்தக் காட்சியோடு ஒட்டியிருந்த எண்ணம். சில வாரங்கள் கழித்து அதே கேள்விக்கு 2 என்றேன். லாரி மறக்கலீங்க. "நான் பிழைச்சிட்டேன்" என்பது அதோடு சேர்ந்துகொண்டது.

ஒரு வேண்டுகோள்: வீடியோ பார்த்துத் தனியாகச் செய்து பார்க்காதீங்க. கிளம்பி வரும் நினைவைத் தாங்க, பயிற்சி பெற்றவர் பக்கத்தில் வேணும்.

போன மாதம் மகளை பைக்கில் பள்ளிக்குக் கூட்டிட்டுப் போனேன். பின்னால் ஹாரன் அடித்தது. கை லேசா இறுகியது. ஓரமா ஒதுங்கி வழி விட்டேன். அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.